முன்கூட்டியே அடித்த நன்றி

சத்துணவு அமைப்பாளர் மெகருன்னிசாவுக்கு ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடமாக நாரணாபுரத்துப் பிள்ளைகளுக்குப் பருப்பும் முட்டையும் அளந்தவர். அந்த இரண்டு மாதத்துக்குள் மற்ற அரசு ஊழியர்களைப் போலக் காலமுறை ஊதியம் கிடைத்துவிட்டால் ஓய்வூதியம் ஒழுங்காக வரும். இல்லையென்றால் பேருக்கு ஒரு தொகைதான். ஆளுங்கட்சி தருவோம் என்றது. எதிர்க்கட்சி நாங்கள் கேட்டுத்தான் தருகிறார்கள் என்றது. தருகிற நாளை மட்டும் ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை.

விருதுநகரில் மறியல் செய்வதென்று சங்கம் முடிவெடுத்தது. சங்கத்தின் ஒன்றியச் செயலாளரான மெகருன்னிசாதான் இரண்டு வேன் பிடித்தார். முந்தின நாள், சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஃபரீத் போன் செய்தான்.

"அக்கா, சம்பள உயர்வுக்கு நன்றினு போஸ்டர் ஓடுது. ரெண்டு கட்சிக்காரகளும் ஆர்டர் குடுத்திருக்காக."

அடுத்த வருடக் காலண்டரை ஆடியிலேயே அடித்துவிடுகிற ஊர். அச்சில் ஏறியது நடக்காமல் போய் அவர் பார்த்ததில்லை. அதுவும் இரண்டு கட்சியும் காசு போட்டு அடிக்கிறார்களே. வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சட்டசபையில் கஜானா காலி என்றார் ஒருவர். காலி செய்ததே நீங்கள்தான் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் கத்திவிட்டு எழுந்து போனார்கள். சம்பள அறிவிப்பு வரவேயில்லை.

ஓய்வு பெற்ற அன்று மெகருன்னிசாவுக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். சமையலர் வெள்ளைத்தாய் மட்டும் மனதில் கிடந்ததைச் சொன்னாள்.

"அன்னைக்கு நாம போயி உக்காந்திருக்கணும் டீச்சர்."

மெகருன்னிசாவுக்கு எல்லார் மேலும் வந்த எரிச்சல் கடைசியில் தன் மேலேயே திரும்பியது.

அடுத்த மறியலுக்கு முதல் ஆளாக வேனில் ஏறினார். கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் போஸ்டர்களில் ஒரு கட்டை ஃபரீத்திடம் வாங்கி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கோரிக்கைகளை எழுதி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வெயிலோடு காற்றும் சேர்ந்துகொண்டது. தாள்கள் புரண்டு புரண்டு திரும்பின. காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர் மெகருன்னிசாவின் தாளைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, நன்றி சொல்லவா வந்தீக?"

"நன்றியெல்லாம் அடிச்சு ரெடியா இருக்குய்யா. சம்பளத்தத்தான் இன்னும் காணோம்."

வெள்ளைத்தாய் சிரித்தாள். மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி எது வந்தாலும் அவருக்கு இல்லை. கோரிக்கை தெரியும்படி தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.