வாடாவின் முதுகு

சோபாக்காரரைப் பார்த்தால் ஓடி வருகிற ஒரே ஜீவன் அந்த நாய்தான். மற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மரச்சட்டத்தில் இழுத்துப் பிடித்து ஆணி அடித்த ரெக்சின் போல, நாலு பக்கமும் இறுகிய முகம் அவருக்கு. பழைய சோபாக்களின் தோலை உரித்து, குடலைப் பிடுங்கி, புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுப்பது தொழில். மனைவி என்று ஒருவர் இருந்தார். "இந்த வீட்டுல உட்கார எத்தனையோ இருக்கு, பேசத்தான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் எழுந்து போனவர், இன்னும் எங்கும் உட்கார்ந்ததாகத் தகவல் இல்லை.

நாய் ஒரு சோபாவோடு வந்தது. உறை மாற்றக் கொடுத்த வாடிக்கையாளர், "வெளியூர் போய்ட்டு வர்ற வரைக்கும் இவனும் இங்கயே இருக்கட்டும், இந்த சோபா இல்லாமத் தூங்க மாட்டான்" என்று விட்டுப் போனார். சோபாவும் வேண்டாம், நாயும் வேண்டாம் என்று சொல்ல இப்படியும் ஒரு வழி இருக்கிறது. பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். ரயில் பெட்டி போல நீண்ட உடம்பு, அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத குட்டைக் கால்கள். சோபாக்காரர் அதைப் பார்த்து முதலில் சொன்ன சொல் "வாடா". வந்தது. அதுவே பெயராகிவிட்டது. பெயர் வைக்கிற வேலையும் கூப்பிடுகிற வேலையும் ஒன்றாக முடிந்ததில் அவருக்குத் திருப்தி. பெயரைச் சொல்கிறாரா, வரச் சொல்கிறாரா என்று நாயும் ஆராய்ச்சி செய்யவில்லை. எதற்கானாலும் ஓடி வந்தது.

அப்படித்தான் ஒரு மாலை, உயரமான சோபாவின் முதுகில் படுத்திருந்த நாய் அவர் குரல் கேட்டுக் குதித்தது. முன்பாதி வந்துவிட்டது. பின்பாதி வரவில்லை.

கால்நடை டாக்டரம்மா பின்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். நாய் வீல் என்று கத்தியது. டாக்டரம்மா முகம் மலர்ந்தார்.

"ரொம்ப நல்லது."

"நல்லதா? கத்துதேம்மா!"

"கத்தலைன்னாத்தான் நீங்க அழணும். உணர்வு இருக்கு, அதான் கத்துது." எக்ஸ்ரேவைக் காட்டினார். "உங்க பாஷையிலயே சொல்றேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு குஷன் இருக்கு. அது பிதுங்கி நரம்பை நசுக்குது."

"பிரிச்சு உள்ள தள்ளித் தைச்சிடலாமே?"

"தைக்கலாம். ஆனா இதயம் பலவீனமா இருக்கு, மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்காது. அடைச்சு வைங்க. ஒன்றரை மாசத்துக்கு நிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. ஒன்னுக்கு தானாப் போகாது. அடிவயித்தை அமுக்கி நீங்கதான் எடுக்கணும். முக்கியமா, ஆசையாக் கூப்பிடாதீங்க. எழுந்து வரப் பார்க்கும். இருக்கற நரம்பும் போச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் நடக்காது."

"அதோட பேரே வாடாதாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?"

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு வீட்டில் தடை. ஒற்றை ஆள் சோபா ஒன்றின் உட்காரும் பாகத்தைக் கழற்றி எறிந்தார். மிஞ்சிய சட்டத்தைச் சுற்றிக் கம்பி அடித்துக் கூண்டாக்கினார். நாய் தலையைத் தூக்கினால் "இரு". முன்காலை ஊன்றினால் "இரு". அவர் வீட்டு முன்பக்கத்துப் பட்டறைக்குள் வந்தவுடன் வால் அசையாத உடம்பை இழுத்துக்கொண்டு அது புறப்படப் பார்க்கும். அவர் கொஞ்சாமல், கண்ணைக்கூடப் பார்க்காமல், சுவரிடம் பேசுவது போல "இரு" என்பார். வாயைப் பிளந்து கசப்பு மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளுவார். அடிவயிற்றைப் பிடித்து அமுக்குவார். கடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அமுக்கினார்.

எதிர்க்கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, பூட்டு எதுவும் வேணுமா? ஜெயில் சைஸ்லயே இருக்கு."

இந்த நேரம் பார்த்து அக்கா வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் தரை மாற்றுகிறார்களாம், வேலை முடிகிற வரை தம்பி வீடு. அக்காவுக்கு இரக்கம் என்பது ஏப்பம் மாதிரி. வந்தால் அடக்க முடியாது. வந்த பிறகு கஷ்டம் பக்கத்தில் இருப்பவருக்கு. கூண்டருகில் உட்கார்ந்து, "வாடா... என் ராசா, வாடா செல்லம்" என்றார். நாய் நெஞ்சால் ஊர்ந்தது.

"அக்கா, அப்படிக் கூப்பிடாத! முதுகு போயிடும்!"

"பேரைச் சொன்னா முதுகு போயிடுமா? உன் பொண்டாட்டி ஏன் போனான்னு இப்பத்தான்டா எனக்குப் புரியுது."

அவர் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பேச வேண்டிய இடத்தில் ஆணி அடித்துப் பழகிய கை.

அதன் பிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. பிஸ்கட் அக்கா, மாத்திரை தம்பி. காது தடவுவது அக்கா, வயிறு அமுக்குவது தம்பி. டாக்டரம்மா சொன்னபடி மரத்த கால்களை மடக்கி நீட்டுவதும் தம்பி. நாய் முனகும்போது "பாவி, கொல்றான்" என்பது அக்கா. கொஞ்ச நாளில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாய் நடுங்கத் தொடங்கியது. பிறகு அவர் கை படுவதற்கு முன்பே தானாக ஒன்னுக்குப் போனது. அவர் அதை டாக்டரம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். டாக்டரம்மாவும் நல்ல முன்னேற்றம் என்றார். வால் முதன்முதலில் அசைந்த நாளையும் அவர் பார்த்தார். அக்காவுக்காக அசைந்தது.

வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடக்கவைத்தார். துண்டு தளர்ந்தது, பின்பு துண்டே தேவைப்படவில்லை. குடித்துவிட்டு வீடு திரும்புகிற ஆளைப் போல, பின்பாதி ஒரு பக்கமாகச் சாய, வாடா நடந்தது. வழுக்கிவிடாமலிருக்கக் கூண்டிலிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் பாய் விரித்திருந்தார். "வழவழத் தரையில மட்டும் விடாதீங்க. ஒரு தடவை சறுக்கினாப் போதும், எல்லாம் திரும்பிடும்" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

அக்கா வீட்டுத் தரை தயாரானது. பெட்டியோடு வாசலில் நின்று, "இவனை நான் கொண்டு போறேன்" என்றார்.

"வேண்டாம்கா. இவன் இங்கயே இருக்கட்டும்."

"எதுக்கு? மறுபடி அடைக்கவா? உன்னைப் பார்த்தாலே நடுங்குது."

"எனக்கு இவன் வேணும்கா." இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

சாவிக்காரர் தீர்ப்புச் சொல்ல ஓடி வந்தார். பக்கத்தில் நடக்கிற சண்டை, விடுவாரா? "நாயையே கேட்டுடலாம். ரெண்டு பேரும் கூப்பிடுங்க. யார்கிட்ட வருதோ அவங்களுக்கு."

நாயைப் பாயின் நடுவில் விட்டார்கள். அக்கா வாசலில், பாயின் முனையில் நின்றார். சோபாக்காரர் ரெக்சின் வெட்டும் மேசைப் பக்கம் நின்றார். அங்கே பாய் கிடையாது, வெறும் டைல்ஸ்.

"வாடா கண்ணா!" என்றார் அக்கா. நாய் அவரை நோக்கி ஆடி ஆடி நடந்தது.

"இப்ப நீங்க, அண்ணே."

சோபாக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மெல்ல, "வாடா" என்றார்.

நாய் நின்றது. காது நிமிர்ந்தது. பிறகு மொத்த உடம்பும் ஒரே வீச்சில் திரும்பியது. நோவையும் கூண்டையும் மாத்திரையையும் மறந்து, பழைய வேகத்தில் அவரை நோக்கிப் பாய்ந்தது. முன்கால் பாயைத் தாண்டி டைல்ஸில் விழுந்தது. பின்பாதி சறுக்கத் தொடங்கியது.

"இரு!"

அப்படியே படுத்துக்கொண்டது. தரையோடு தரையாக ஒட்டி நடுங்கியது.

சாவிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னண்ணே, கூப்பிடச் சொன்னா அதட்டுறீங்க!"

"வந்ததைக்கூட வர விடலையேடா நீ" என்றார் அக்கா. "உனக்கெல்லாம் எதுக்குடா நாய்?"

"தரை..." என்றார் சோபாக்காரர்.

தரையை யாரும் பார்க்கவில்லை.

அக்கா நாயின் அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைப் போலத் தூக்கினார். பின்பாதி தொங்கியது.

"அப்படித் தூக்காதக்கா!" அவர் கை நீட்டினார், நாய் சுருங்கியது. கையை இழுத்துக்கொண்டார். மேசையிலிருந்து நீளமான குஷன் ஒன்றை எடுத்தார். "இங்க பாரு. ஒரு கை நெஞ்சுக்கடியில. இன்னொரு கை பின்னாடி. பலகை மாதிரி வரணும். வளையக் கூடாது."

"எனக்கு நாய் தூக்கத் தெரியாதா?"

"தெரியாது."

அக்கா முணுமுணுத்தபடி நாயைக் கீழே விட்டு, குஷனைத் தூக்கிப் பார்த்தார். தம்பி இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். தூக்கினார். பிறகு நாயைத் தூக்கினார்.

"சரியா இப்ப?"

சோபாக்காரர் எட்ட நின்றே பார்த்தார். "பின்பக்கம் கொஞ்சம் இறங்குது."

அக்கா கையை உயர்த்தினார். "இப்ப?"

"இப்ப சரி."