ஆறு மணிக் குருவி

செய்யூரைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கோயில் காட்டுக்கு நான் வருவது இது நான்காவது மார்கழி. குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் ஆறு மணிக் குருவி, சொல்லிவைத்தாற்போல மாலை ஆறுக்குக் கூவுகிறது. இதுவரை குரல் மட்டும்தான், ஆளைப் பார்த்ததில்லை. பைனாகுலரைத் தூக்கிக் கிளை கிளையாகத் துழாவுகிறேன். கழுத்து வலிக்கிறது.

ஆடுகளை வீட்டுக்கு ஓட்டிப்போகும் ஒரு பெண் நின்று என்னைப் பார்க்கிறாள்.

"இன்னா சார், மேலயே பாத்துகினு கீறீங்க?"

"குருவி கூவிச்சே, எங்கேன்னு தேடறேன்."

"கூவிட்டுக் கீழ எறங்கிடும் சார். அதோ, கோழியாட்டம் சருகைக் கிளறிகினு கீது பாருங்க."

பத்தடி தள்ளி, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக நிற்கிறது! மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். புழு ஒன்றை விழுங்கிவிட்டு அது பறந்த பிறகுதான் வாய்விட்டுக் கத்துகிறேன். ஆடுகள் மிரண்டு நாலாபக்கமும் சிதறுகின்றன.

"இதுக்கா சார் இந்தக் கத்து கத்தறீங்க!"

அவள் திட்டத் திட்ட, கொல்லைக்குள் இறங்கி ஆடுகளைத் துரத்துகிறேன். ரோட்டில் செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. போகட்டும். பார்த்துவிட்டேன்!