வக்கார் பாய் ரிஜெக்ட் செய்த படம்

ஆம்பூரில் முப்பது வருடமாகத் தோலைத் தரம் பிரிப்பவர் வக்கார் அகமது. சின்னக் கறை கண்ணில் பட்டாலே போதும், முதலாளியே கெஞ்சினாலும் அந்தத் தோல் ரிஜெக்ட்தான்.

பாயின் கழுத்தில் வந்த புற்றுநோய்க்கு இரண்டு ஊசி போட்டபின் எடுத்த ஸ்கேன் படத்தை, வேலூர் டாக்டர் அவரிடம் நீட்டினார்.

“கழுத்துல இருந்த கறுப்பெல்லாம் போயிடுச்சு பாய். இவ்வளவு சீக்கிரம் மறைஞ்சா, முழுசா குணமாக சான்ஸ் ஜாஸ்தி.”

பாய் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவினார்.

“இன்னா டாக்டர், தலையில இவ்ளோ பெரிய கறை இருக்கு! இது ரிஜெக்ட்!”

“அது உங்க மூளை பாய். இந்த ஸ்கேன்ல எல்லாருக்கும் கறுப்பாத்தான் தெரியும்.”

பக்கத்தில் இருந்த மனைவி தபஸ்ஸும் எட்டிப் பார்த்தார்.

“நிக்காஹ் அன்னைக்கே இருந்த கறை டாக்டர். அது எந்த ஊசிக்கும் போகாது.”