மாமியின் காதுக்கு எட்டாத இடம்

கலியாணமாகி மூன்றாவது பிள்ளை நடக்கத் தொடங்கும்வரை றம்லாவுக்குத் தன் புருஷனின் குரல் எப்படியிருக்கும் என்று சரியாகத் தெரியாது. மூன்று பிள்ளை பிறந்த வீட்டில் இது எப்படி என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிள்ளை பெறுவதற்குக் குரல் வேண்டுமென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கிண்ணியாவில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் குடிவருவான். அந்தக் காலத்தில் வந்த மருமகன் மாமியாரின் முகத்துக்கு நேரே நிற்கமாட்டான், அவர் காதுபடக் கதைக்கவும் மாட்டான். அது மரியாதை. வளவு பெரிதென்றால் மரியாதையைச் சமாளிக்கலாம். றம்லாவின் வீடோ ஓர் அறையும் ஒரு குசினியும். நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் அவளைப் பெற்ற உம்மா, சித்தி பரீதா என்று பெயர், வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தார். கண் கொஞ்சம் மங்கல். காதுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. கிணற்றில் வாளி விழுந்தால் எந்த வீட்டு வாளி என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஆகவே புருஷன் ஸஹாப்தீன் வீட்டில் இருமினான். ஒருதரம் இருமினால் தண்ணீர். இரண்டுதரம் என்றால் சோறு. நீட்டி இருமினால் சட்டை எங்கே என்று அர்த்தம். றம்லாவுக்கு முன்னமே அது உம்மாவுக்குப் புரிந்துவிடும். "மகள், மருமகனுக்குச் சோத்தப் போடு" என்று தட்டிக்கு அப்பாலிருந்து உத்தரவு வரும். ஒரு மாரியில் அவனுக்கு உண்மையாகவே தடிமன் பிடித்து இருமியபோது காலை தொட்டு மாலைவரை சோறும் தண்ணீரும் வந்துகொண்டேயிருந்தன. போதும் என்பதற்கு எப்படி இருமுவது என்று யாரும் முடிவுசெய்யாததால் பாவம் அத்தனையையும் சாப்பிட்டான்.

சித்தி பரீதாவுக்கு இதில் பெருமை தாங்காது. "எங்கட மருமகன்ட சத்தத்த அயலுக்குள்ள ஒருத்தர் கேட்டிரிக்காங்களா?" என்று வாசலால் போகிற பெண்களை மறித்துக் கேட்பார்.

றம்லாவுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. வெண்டி காய்த்ததையும் சின்னவன் விழுந்ததையும் அவள் சொல்வாள், அவன் தலையாட்டுவான். தனக்கு வாய்த்த மனிதரை அல்லாஹ் கதையில்லாமல் படைத்துவிட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஸஹாப்தீனுக்குப் பாதையில் வேலை. மூதூர் வீதியில் பாலமில்லாத துறைகளில் பஸ்ஸையும் வண்டியையும் ஏற்றி, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுத்துப்போகும் பெரிய மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க ஒருவன் முன்னால் நின்று அம்பா பாட வேண்டும். பாட்டு நின்றால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பாதை சரிந்துபோகும். அங்கே அம்பா பாடுகிறவன் யார் என்று றம்லா ஒருநாளும் கேட்டதில்லை.

மூதூரில் சீதன வீட்டில் குடியிருந்த தங்கை றுக்கியாவுக்குப் பிறந்த பிள்ளையின் நாற்பதாம் நாள் வந்தபோதுதான் அவள் முதல்தடவையாக அந்தத் துறையைக் கடந்தாள். பஸ்ஸை ஏற்றிவிட்டு ஆட்கள் இறங்கிப் பாதையில் நின்றார்கள். முன்பக்கத்தில் ஒருவன் கதை விட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கட வீட்டுக்காரி கோழிக்கு அடியில வாத்து முட்டை வச்சா. பொரிச்ச குஞ்செல்லாம் நேரே குளத்துக்குள்ள இறங்கிட்டு. கோழி கரையில நிண்டு கத்துது. கோழிக்குப் பக்கத்தில நிண்டு இவ கத்துறா, 'ஏறி வாங்க, தடிமன் பிடிக்கும்' எண்டு!"

பாதை முழுக்கச் சிரித்தது. றம்லாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன்னைப்போல இன்னொரு பைத்தியக்காரியும் இருக்கிறாளே என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது தன் கோழி என்று விளங்கியது. பஸ்ஸைச் சுற்றிப்போய்ப் பார்த்தாள். ஸஹாப்தீன் இரண்டு கையையும் விரித்துக் கோழிபோல நின்றுகொண்டிருந்தான்.

"இவ்வளவு கதையும் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

அவன் பழக்கதோஷத்தில் இருமினான். பிறகு சுற்றிவரப் பார்த்தான். "வீட்ட மாமி இருக்கிறா. இஞ்ச ஆர் இருக்கிறா?" என்றான்.

அன்றிலிருந்து றம்லாவுக்கு அக்கரையில் அலுவல்கள் பெருகின. உப்பு வாங்கப் போனாள். வாங்கிய உப்பு சரியில்லை என்று போனாள். அக்கரை வந்ததும் இறங்காமலே திரும்பி வந்தாள். வாகனம் வரும்வரை பாதை கரையில் காத்துநிற்கும் நேரமெல்லாம் அவர்களுடையது. அவனுக்கு இடிமுழக்கம் பயம் என்று தெரிந்துகொண்டாள். துறைமுகத்தில் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்பட்டான் என்று தெரிந்துகொண்டாள். கத்தரிக்காயைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கலியாணமான நாளிலிருந்து அவள் கிழமைக்கு நாலுதரம் கத்தரிக்காய் சமைத்திருந்தாள்.

சந்தோஷமாக இருக்கும் பெண்ணை ஊர் சும்மா விடுமா? றம்லா அக்கரையில் ஆரையோ பார்க்கப் போகிறாள் என்று கதை கிளம்பியது.

"அங்க ஆரு மகள்?" என்று உம்மா கேட்டார்.

"ஆருமில்ல உம்மா."

"அப்ப ஏன் போறாய்?"

புருஷனோடு கதைக்கப் போகிறேன் என்று சொன்னால் உம்மாவின் பெருமை அன்றோடு முடிந்தது. "இனிப் போகாத" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் மறுபடியும் இருமல்தான்.

உம்மா தானே கண்டுபிடிக்கப் புறப்பட்டார். ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு சந்தியில் மூதூர் பஸ்ஸில் ஏறி முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். துறையில் எல்லோரையும் இறங்கச் சொன்னபோது முழங்கால் நோகுது என்று இருந்துவிட்டார். பாதை நடுத்துறைக்குப் போனது. பாட்டுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடைவெளியில் வெளியே ஓர் ஆணின் குரல் கேட்டது. "றம்லா, நீங்க இல்லாத நாளில இந்தக் கம்பியும் பாரமாக் கிடக்கு" என்றது அந்தக் குரல். அதற்கு மகள் சிரிப்பதும் கேட்டது.

சித்தி பரீதா பஸ் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டிக் குடையை ஓங்கினார்.

"ஆர்ரா அவன், என்ட மகளோட பல்லக் காட்டுறவன்?"

"உம்மா, அது உங்கட மருமகன்!"

"பொய் சொல்லாத! எங்கட மருமகன் கதைக்கமாட்டார்!"

மங்கல் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. குரலோ அவர் கேட்டேயிராத குரல். குடை ஸஹாப்தீனின் தலைக்கு நேரே வந்தது. அவன் என்ன செய்வான்? இரண்டுதரம் இருமினான்.

குடை அப்படியே நின்றது. "யா அல்லாஹ், மருமகன்" என்று உம்மா உள்ளே விழுந்தார். ஸஹாப்தீன் பாய்ந்துபோய் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

முன்னால் நின்று பாடுகிறவன் அவன்தான்; அம்பா நின்றுவிட்டது. இழுக்கிறவர்கள் தாறுமாறாக இழுத்தார்கள். பாதை சரிந்து, நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ள, கம்பி முறுகிக் கத்தியது. மாடுகள் மிரண்டன. "பாடுங்கோ!" என்று பஸ் கண்டக்டர் இராசையா கத்தினார். "மாமி இருக்கிறா, ஏலாது" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்த பதில் வந்தது. சாவதென்றாலும் மரியாதையோடு சாவதென்று அவன் முடிவெடுத்துவிட்டான்.

கடைசியில் சாக்கையும் சாரத்தையும் கொண்டு பஸ் ஜன்னல்களையெல்லாம் மறைத்தார்கள். இராசையா உள்ளே தலையை நீட்டி, "உம்மா, உங்களைக் கும்பிடுறன், கொஞ்ச நேரம் காதைப் பொத்துங்கோ" என்றார். பொத்தியாயிற்று என்று இராசையா வெளியே சொன்ன பிறகுதான் ஸஹாப்தீன் எழும்பினான். தொண்டையைத் திறந்து பாடினான். அத்தனை கையும் ஒன்றாக இழுத்தன. பாதை நிமிர்ந்து கரைக்கு வந்தது.

றம்லா பஸ்ஸில் ஏறினாள். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். உம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"காதப் பொத்தினீங்களா உம்மா?"

"இல்ல."

ஜன்னலில் தொங்கிய சாக்கை உம்மா ஒரு விரலால் விலக்கித் தண்ணீரைப் பார்த்தார்.

"நல்ல குரல்" என்றார். "உங்கட வாப்பா மௌத்தாகிறவரைக்கும் என்னோடதான் இருந்தார். அவர்ட குரல் எப்பிடியெண்டு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியா மகள். எங்கட உம்மா தட்டிக்கு அங்கால நெடுங்காலம் இருந்திட்டா."

றம்லா அவர் கையைப் பிடித்தாள். உம்மா அதை உதறிவிட்டு இராசையாவைக் கூப்பிட்டு மூதூருக்குத் தொடர்ந்து போகப்போவதாகச் சொன்னார்.

"றுக்கியா வீட்ட போறன். நோன்புக்குத்தான் வருவன். அதுக்குள்ள கதைக்கிறதையெல்லாம் கதைச்சு முடிங்க" என்றவர், இறங்கப்போனவளை மறுபடி கூப்பிட்டு, "நோன்புக்கும் வராட்டி, தேடி வராதீங்க" என்றார்.

பஸ் கரையேறிப் புழுதி அடங்கியபிறகே ஸஹாப்தீன் வெளியே வந்தான். "மாமி என்ன சொன்னா? றம்லா, மாமி என்ன சொன்னா?" என்று துறை முழுக்கக் கேட்கக் கேட்டான். றம்லாவுக்கு அழுகை முட்டி ஒரு வார்த்தையும் வரவில்லை.