மாவ்ஷி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

புனேயை ஒட்டிய நிக்டியில் எங்கள் கோயிலில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு தமிழ்ப் பூசை உண்டு. பூசை முடிந்ததும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. அதை எடுத்துவந்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போக, ஃபாதர் என்னைக் கேட்டார். நான் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்ப்பவள். சின்ன வயதில் தூத்துக்குடியில் மனப்பாடம் செய்த செபங்களுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றார். வேறு ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

பிள்ளைகள் ஒன்பது பேர். பேச்சு தமிழில் தொடங்கும், பாதியில் இந்திக்குத் தாவிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரம், தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தது ஆண்டவருக்கே கொடுத்தது என்று வரும் நற்செய்திப் பகுதியைப் பற்றிப் பேசினேன். "சாக்லேட் சாப்பிடாம இருக்கிறது இருக்கட்டும். தினமும் யாருக்காவது தண்ணி குடுங்க" என்றேன். எப்போதோ கேட்ட பிரசங்கத்தைத்தான் திருப்பிச் சொன்னேன். அதில் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த வகுப்பில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். எங்கள் குடியிருப்பிலேயே வேறு கட்டிடத்தில் இருப்பவள்.

"அக்கா, எங்க மாவ்ஷிக்கு டெய்லி தண்ணி குடுத்தேன். டெய்லி வேணாம்னுட்டாங்க. ஏன்?"

மாவ்ஷி என்றால் மராத்தியில் அம்மாவின் சகோதரி. புனேயில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விரதமாக இருக்கும் என்றான் ஒருவன். தனி டம்ளரில் கொடுத்திருப்பாய், அவமானமாக இருந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. "இல்ல, நான் குடிக்கிற கிளாஸ்லதான் குடுத்தேன்" என்றாள் அவள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்கு வரும் மாவ்ஷியும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு வருடமாக வருகிறார்.

மறுநாள் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். முதலில் சிரித்தார். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துக் குழாயை மூடினார்.

"காலையில எட்டு மணிக்கு வர்றேன். அஞ்சு வீடு. முடிக்க மூணு ஆயிடும். தண்ணி குடிச்சா எங்க போறது?"

"எங்க பாத்ரூம் இருக்கே."

"நீங்க சொன்னதில்லையே."

போகக்கூடாது என்று நான் சொன்னதில்லை. போகலாம் என்றும் சொன்னதில்லை. வேறொரு வீட்டில் ஒருமுறை கேட்காமல் போய்விட்டாராம். அந்த அம்மா அவர் கண்முன்னாலேயே பினாயில் ஊற்றிக் கழுவினாராம். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கேட்பதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதை வகுப்பில் சொன்னேன். ஜூஸ் பாக்கெட் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஒருவன் கேட்க, "ஜூஸ் குடிச்சாலும் அதே பிரச்சினைதானே" என்றாள் அந்தப் பெண். மாவ்ஷி பாத்ரூமுக்குப் போகலாமா என்று முதலில் அவரவர் வீட்டில் கேட்டுப் பார்ப்பதென்று முடிவானது. சில அம்மாக்கள் உடனே சரி என்றார்கள். இரண்டு பேர் வீட்டில் நன்றாகத் திட்டு விழுந்தது. அந்தப் பெண் வீட்டிலும்தான்.

அவள் அதோடு விடவில்லை. எங்கள் குடியிருப்பில், புனேயில் சொசைட்டி என்பார்கள், ஆறு கட்டிடங்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தின் மூலையில் ஒரு டாய்லெட் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அதற்குள் கணபதிப் பந்தல் சாமான்களும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடந்தன. மராத்தியில் ஒரு பக்கம் எழுதி, கமிட்டி கூட்டத்துக்குத் துணைக்கு வரச் சொன்னாள். எனக்குப் போகத் தயக்கம். தினமும் லிஃப்டில் பார்க்கிற முகங்கள். ஆனாலும் போனேன்.

செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது உங்க சர்ச் வேலையா?" என்றார்.

"சர்ச்லதான் யோசிச்சோம், அங்கிள். டாய்லெட் எல்லா மாவ்ஷிக்கும்" என்றாள்.

வெளியாட்கள் கீழே நடமாடினால் பாதுகாப்பு என்ன ஆவது என்றார் இன்னொருவர்.

"எங்க வீட்டுச் சாவியே மாவ்ஷிகிட்டதான் இருக்கு. உங்க வீட்டுச் சாவி?" என்றாள்.

பார்க்கிறோம் என்று செயலாளர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். நான் அந்தக் கூட்டத்தில் மொத்தமாக இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன்.

ஈஸ்டர் கழிந்து சில வாரங்களில் சாமான்களை எடுத்தார்கள். குழாய் சரியானது, விளக்கு வந்தது. ஆனால் யாரும் போகவில்லை. மறுபடியும் ஏன் என்ற கேள்வி. இந்த முறை பிள்ளைகள் ஊகிக்காமல் மாவ்ஷிகளிடமே நேராகப் போய்க் கேட்டார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் போய்ச் சாவி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெண் மீண்டும் செயலாளரிடம் போனாள், இந்த முறை என்னைக் கூப்பிடாமலேயே. வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் வைத்தார்கள்.

பினாயில் ஊற்றிய அந்த வீட்டம்மா மாறவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா, இத்தனைக்கும் பிறகு, "கீழதான் கட்டிக் குடுத்தாச்சே" என்று வீட்டுப் பாத்ரூமைத் திறக்க மறுத்துவிட்டார். அதை அவள் வகுப்பில் சொல்லி அழுதாள். அவளோடு சேர்ந்து நாங்கள் எல்லாரும் அன்று செபம் மட்டும் சொன்னோம்.

போன வாரம் என் மாவ்ஷி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்து சொசைட்டியில என் தங்கச்சி வேலை செய்யுது. அங்க டாய்லெட் கிடையாது. அந்தப் பசங்க அங்க வருவாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது ஒன்பது பேரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். அந்த சொசைட்டியில் யாருக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று.