கடல் வற்றும் நேரம்

சூடேறிய கார் இருக்கையிலிருந்து தொடையைப் பிரித்தெடுக்கும்போது எழும் அந்தச் சின்னச் சத்தமும், கூடவே வரும் சுரீர் என்ற எரிச்சலும்தான் எனக்கு லண்டனின் முதல் கோடை. பெரியப்பாவிடம் இரவல் வாங்கிய பழைய நீலக் கார் அது. பின்னிருக்கை முழுவதும் 'றெக்சின்', ஜன்னல் பாதிக்கு மேல் இறங்காது, மடியில் கட்லட் பெட்டி, காலடியில் தண்ணீர்ப் போத்தல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோல் வாசனை. வாசனை காரிலிருந்து வரவில்லை, அப்பாவிடமிருந்து வந்தது. வாரத்தில் ஆறு நாள் 'பெற்றோல் செட்'டில் ஷிப்ட் செய்துவிட்டு, ஏழாம் நாள் எங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவார். எனக்கு அப்போது பத்து வயது. சிக்னலில் கார் நின்றால் எனக்கு உடம்பெல்லாம் ஊரும், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், சீட் பெல்டைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பேன். "இருப்புக் கொள்ளாதது" என்று அம்மா திரும்பிப் பாராமலே சொல்வார்.

நான் பிறந்தது ஜேர்மனியில், கடல் வாடையே இல்லாத ஒரு சிறிய நகரத்தில். அம்மா அங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். அப்பாவுக்கோ லண்டன் பித்து. அங்கே கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, சட்டன் பகுதியில் அண்ணன் இருக்கிறார் என்று இரவும் பகலும் அதே பேச்சு. ஜேர்மன் பாஸ்போர்ட் கையில் கிடைத்த அடுத்த வருடமே மூட்டை கட்டிவிட்டார். அம்மா வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தார். "ஒரு கோடை இருந்து பாப்பம். மனம் ஒட்டேல்லையெண்டா நானும் பிள்ளையும் திரும்பிப் போறம்" என்றார். அம்மா வீண் பேச்சுப் பேசுகிறவர் அல்ல. ஜேர்மனி வீட்டை ஓகஸ்ட் கடைசிவரை விடாமல் வைத்திருந்தார், வேலை இடத்திலும் நீண்ட விடுமுறைதான் கேட்டிருந்தார். வடமராட்சியில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு ஜேர்மனியில் இருந்த ஒரே மனக்குறை கடல் இல்லை என்பது. அப்பாவின் கையில் மிஞ்சியிருந்த ஒரே துருப்புச் சீட்டும் அதுதான்.

எனக்கு ஜேர்மனிக்குத் திரும்பிப் போகவேண்டும். அங்கே கீழ்வீட்டில் ஆன்யா இருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிளில் இருவரும் போவோம், படிக்கட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கதைப்போம். லண்டனில் எனக்குக் கதைக்க ஆள் இல்லை. பெரியப்பாவின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். ஆகவே அம்மாவுக்கு லண்டன் பிடிக்கவே கூடாது என்று விம்பிள்டன் பிள்ளையாரிடம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற அப்பா என்ன வேண்டியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையாரின் பாடுதான் திண்டாட்டம்.

முதல் ஞாயிறு பிரைட்டன் போனோம். கரை முழுக்கக் கல். அம்மா செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "இது கடற்கரையோ, றோட்டுப் போடக் கொட்டி வச்சிருக்கிற கல்லோ?" என்று கேட்டார். அடுத்தது மார்கேட். அன்றைக்குக் காற்று அப்படியொரு காற்று, கட்லட்டில் பாதி மணல். "கடலெண்டாக் கடல்தானே, இஞ்சாரும்" என்று அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார். அம்மா கட்லட் பெட்டியை மூடிக்கொண்டு காரில் ஏறினார். நான் பின்னிருக்கையில் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவதாக வெஸ்ட் விட்டரிங். பெற்றோல் அடிக்க வந்த யாரோ ஒருவர் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார், அங்கே நல்ல மணல் என்று. போய் இறங்கியபோது நண்பகல், கடல் கரை முட்ட நிறைந்து கிடந்தது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் நனைய நின்றார். நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து "பரவாயில்லை" என்றார். அம்மாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு நற்சான்று வராது. ஐஸ்கிரீம் வாங்கத் தந்த காசோடு கடைக்குப் போன நான், அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கடல் எந்த நாளில் எத்தனை மணிக்கு நிறையும், எத்தனை மணிக்கு வற்றும் என்று அச்சடித்த புத்தகம். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் வடகடல் பற்றிப் படித்திருந்ததால் எனக்கு அது விளங்கியது. அப்பா அம்மாவுக்கு அந்த விசயமே தெரியாது. அவர்கள் பிறந்த கரையில் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும், அவ்வளவுதான். கடல் இருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து மறுபடி அங்கே போவதென்று முடிவானது. அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடல் முழுதாக வற்றும் என்று புத்தகம் சொன்னது. காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாக இருந்த அப்பாவின் கார்ச் சாவியை எடுத்து, விடுமுறையில் யாரும் தொடாத என் பள்ளிச் சப்பாத்துக்குள் போட்டேன். அப்பா வீட்டைத் தலைகீழாக்கினார். குப்பைப் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு நானே "கண்டெடுத்து"க் கொடுத்தபோது, என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணலும் நடுநடுவே குட்டைகளும்தான். அப்பா பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கடல் எங்க, பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்டார். நான் தெரியாது என்றேன்.

நான் எதிர்பார்த்தது அம்மா முகத்தைச் சுளிப்பார், காரில் ஏறுவார் என்று. அம்மா செருப்பைக் கழற்றினார். ஈர மணலில் கொஞ்சத் தூரம் நடந்து, நின்று, பெருவிரலால் மணலைக் கிண்டினார். பிறகு குந்தி உட்கார்ந்து கையை விட்டார். "இஞ்சாருங்கோ, மட்டி" என்று கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்ன வயதில் ஆழமில்லாத பரவைக்கடலில் கால்விரலால் துழாவி மட்டி பொறுக்கியதாக அவர் சொல்லியிருக்கிறார், ஓடுடைய அந்தச் சிறு உயிர் இங்கேயும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா பொறுக்கிக்கொண்டே போனார். அப்பாவும் காற்சட்டையை மடித்துக்கொண்டு பையோடு பின்னால் போனார். நான் பாயில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். என் திட்டம் என் கண்முன்னால் தலைகீழாகிக்கொண்டிருந்தது.

ஆறு மணியானது. அவர்கள் இருவரும் தூரத்தில் ஒரு மணல் மேட்டில் குனிந்தபடி இருந்தார்கள். அவர்களுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில், சத்தமில்லாமல் தண்ணீர் ஓடி வரத் தொடங்கியது. அவர்கள் கடலை முன்னால்தான் தேடுவார்கள், அது முதுகுப்பக்கமாக வருகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். கூப்பிட்டால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதை யோசித்துக்கொண்டு நான் நின்றது ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு ஓடினேன். அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் விழுந்து எழும்பி ஓடினேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார், பின்னால் பள்ளத்தையும் பார்த்தார். மூவரும் திரும்பிக் கடக்கும்போது தண்ணீர் அம்மாவுக்கு இடுப்புவரை வந்துவிட்டது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அம்மா மட்டிப் பையை விடவில்லை.

கரையில் வைத்து, உனக்கெப்படித் தெரியும் என்றுதான் அம்மா கேட்டார். நான் நனைந்த புத்தகத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, சாவி முதல் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு ஆன்யாட்டப் போகவேணும்" என்று அழுதேன். அம்மா தூரத்தில் காற்சட்டையைப் பிழிந்துகொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார். "கொப்பாட்ட இதைச் சொல்லாத" என்றார். என் தலையை வெகுநேரம் துவட்டினார்.

திரும்பும் வழியில் கார்கள் வரிசையாக நின்றபோது அம்மா சொன்னார், "வாற ஞாயிறும் இங்கயே வருவம்." இனி ஜேர்மனிக்குத் திரும்பிப் போகப்போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. மனதைத் திறந்து காட்டிய பிறகும் அம்மா என் பக்கம் நிற்கவில்லை என்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அன்றிரவு தேங்காய்ப்பூப் போட்டு அவித்த மட்டியை நான் தொடவில்லை. மாதம் முடிய ஜேர்மனி வீட்டைக் கைவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது. அந்தக் கடற்கரைக்கு இப்போது நினைத்த ஞாயிறு போக முடியாது, கார் நிறுத்தவே முன்கூட்டி இணையத்தில் பதியவேண்டும். ஆன்யாவின் கடிதங்கள் இரண்டு வருடத்தில் நின்றன. அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

போன கோடையில் நானும் அம்மாவும் அங்கே போயிருந்தோம். வாளியோடு வந்த ஒரு சின்னப் பெண் எங்களிடம் ஏதோ கேட்டாள். ஜேர்மன் என்று தெரிந்தது, ஆனால் அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. நான் திரும்பிப் போக அவ்வளவு பாடுபட்ட அந்தப் பாஷை என்னை விட்டு எப்போது போனது என்றே தெரியவில்லை. அம்மாதான் நிறுத்தி நிறுத்தி, கையைக் காட்டி, கழிவறை எங்கே இருக்கிறதென்று ஜேர்மனில் சொன்னார்.

"இவ்வளவு காலமா மறக்கேல்லையோ?"

"மறக்க விடேல்லை. படுக்கேக்க மனசுக்குள்ள கொஞ்சம் கதைச்சுப் பாப்பன். எனக்கு அந்த ஊர் விருப்பம்தானே."

பிறகேன் அன்றைக்கு இங்கேயே இருக்க ஒத்துக்கொண்டீர்கள், ஒரு பை மட்டிக்காகவா, என்று கேட்டேன். அம்மா கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மட்டிக்கோ? கொப்பா அண்டைக்குச் சிரிச்சவர், பிள்ளை. அங்க பதினொரு வருசம் இருந்தம், அவர் அப்பிடிச் சிரிச்சு நான் ஒருக்காலும் காணேல்லை."

நான் அன்று கரையிலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்ததை நான் பார்க்கவில்லை.