பிரஷரை எடுக்கும்போது…

போன செவ்வாய்க்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சத்தம் கேட்டேன். 'டிக்' — அவ்வளவுதான். ஒரு கம்பெனி சாகும்போது இவ்வளவு சின்னதாகவா சத்தம் வரும்?

கம்பெனி காதர் பாயுடையது. ஐயப்பன்தாங்கலில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். கெமிக்கல் பம்புகளுக்கு செராமிக் வளையம் செய்துகொண்டிருந்தார். வெறும் செராமிக் இல்லை, இரண்டு பவுடர் கலந்த கலவை. ஒன்று கெட்டித்தன்மைக்கு, இன்னொன்று சட்டென்று உடையாமல் இருக்க. அச்சில் கொட்டி, மெஷினில் அழுத்தி, ஃபர்னஸில் சுட வேண்டும்.

அவருக்கு இருந்தது ஒரே கஸ்டமர். 'இன்னும் கெட்டியா வேணும், இல்லாட்டி ஆர்டர் வேற இடத்துக்கு' என்று சொல்லிவிட்டார்கள். கெட்டியாக்க ஒரே வழி, அழுத்தத்தைக் கூட்டுவது. பவுடருக்கு நடுவே உள்ள இடைவெளி மூடும், வளையம் இறுகும். ஆனால் அழுத்தத்தைக் கூட்டியதிலிருந்து வந்த வளையமெல்லாம் விரிசல்.

செவ்வாய்க்கிழமை கடைசி டிரையல். துணைக்கு நானும் போனேன். பிரஷர் மீட்டரில் முள் ஏற ஏற எனக்குத்தான் வேர்த்தது.

"அமுக்கசொல்ல ஒண்ணும் ஆவாது சார்" என்றார் பாய். "உள்ள கீற பவுடர் மூச்ச புடிச்சுகினு நிக்கும். பிரஷர எடுக்கசொல்லதான் பேஜாரு. இறுகினதெல்லாம் திமிறிகினு வரும்."

வால்வைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கினார். முள் ஜீரோவைத் தொடப்போகிற நேரம்… டிக்.

வளையத்தின் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு. பாய் நகத்தால் தடவிப் பார்த்தார். "அவ்ளோதான் சார்" என்றார். ஆர்டர் போயிற்று. வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். என்ன ஆறுதல் சொல்வது? சோபாவில் லுங்கியோடு, சேவ் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷ நெருக்கடியில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று படுத்தவரில்லை. ஷட்டரை இறக்கியதிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லையாம்.

அவர் மனைவி ஜமீலா பக்கத்தில் வந்து நின்றார்.

"போனது போவட்டும், உடுங்க. இனிமே ஆர்டர் இல்ல, ஆடிட் இல்ல, ஒரு பிரஷரும் இல்ல. நிம்மதியா ஊட்ல கெடங்க."

பாசத்தில் சொன்ன வார்த்தைதான். பாய் ஜமீலாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சார்… நான் மெதுவாதான எறக்கனேன்?"

மெஷினைப் பற்றித்தான் கேட்டார் என்று நம்பப் பார்க்கிறேன்… முடியவில்லை.